மாத ரிவ்யூ போதாது: குழந்தைப் பாதுகாப்புக் களப்பணியாளருக்கு மேற்பார்வை நேரம் அமைப்பது எப்படி

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி உத்தரவிடும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு கேட்டதன் பேரில் வீட்டுக்குப் போய்ச் சமூக விசாரணை அறிக்கை எழுதுபவர், குழந்தைகள் இல்லத்திலிருந்து வீடு திரும்பிய பிள்ளையை ஃபாலோ-அப் செய்பவர், நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பெறும் குடும்பத்தைக் கவனிப்பவர். பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இவர்கள்தான். சென்னையில் பல அமைப்புகளில் இவர்களுக்குக் கிடைக்கும் ஒரே மேற்பார்வை மாதக் கடைசி ரிவ்யூ மீட்டிங். எத்தனை ஹோம் விசிட், எத்தனை ரிப்போர்ட் பாக்கி, எந்த ஃபைலில் கையெழுத்து இல்லை என்று கேட்டு முடித்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டமும் வேண்டும். ஆனால் பத்துப் பேர் நடுவில் யாரும் "அந்த வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு மேடம்" என்று சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் விசிட் தள்ளிப்போகிறது. தள்ளிப்போன மூன்று வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தனி மேற்பார்வை நேரத்தைப் பணியாளர் நலனுக்கான சலுகையாகப் பார்க்க வேண்டாம். பிள்ளையைப் பற்றி எடுக்கும் முடிவு சரியா என்று சோதிக்க அமைப்புக்கு இருக்கும் ஒரே இடம் அது.

முதலில் கணக்குப் போடுங்கள்

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதம் வாரம் ஒரு மணி நேரம். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம். இதோடு மாதம் ஒருமுறை நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழு மேற்பார்வை, இரண்டு மணி நேரம். குழு நேரம் தனி நேரத்துக்கு மாற்று ஆகாது. குழுவில் கேஸைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம், தன்னைப் பற்றிப் பேசுவது கடினம்.

ஒரு மேற்பார்வையாளருக்கு ஆறு பணியாளர் என்றால், தனி நேரம் மட்டும் மாதம் 18 மணி. ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் ஃபைல் படிக்க அரை மணி வீதம் 6 மணி. குழு நேரம் 2 மணி. மொத்தம் 26 மணி, அதாவது மாதத்தில் மூன்று முழு வேலை நாளுக்கு மேல். இதைப் பட்ஜெட்டிலும் வேலைப் பங்கீட்டிலும் எழுதி வைக்காமல் "முடிஞ்சப்போ பார்த்துக்கலாம்" என்று விட்டால் மார்ச் மாத ஆடிட்டில் முதலில் அடிபடுவது இந்த நேரம்தான். ஆறு பேருக்கு மேல் போனால் இன்னொரு மேற்பார்வையாளர் வேண்டும். பன்னிரண்டு பேரை ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் தரம் சரியில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

பணியாளர் சுமையைக் குடும்ப எண்ணிக்கையால் அளக்காதீர்கள், எடையால் அளங்கள். உடனடி ஆபத்து உள்ள குடும்பத்துக்கு 3 புள்ளி, நிலைமை ஊசலாடும் குடும்பத்துக்கு 2, நிலைபெற்று ஃபாலோ-அப்பில் மட்டும் இருப்பதற்கு 1. ஒருவருக்கு 30 புள்ளி உச்சவரம்பு என்று வையுங்கள். நான்கு ஆபத்தான குடும்பம் (12), ஐந்து ஊசல் (10), எட்டு ஃபாலோ-அப் (8) என்றால் முப்பது வந்துவிட்டது. முதல் வகைக்கு வாரம் ஒரு விசிட், இரண்டாவதற்கு இரு வாரத்துக்கு ஒன்று, மூன்றாவதற்கு மாதம் ஒன்று என்று பார்த்தாலே வாரத்துக்கு எட்டு ஒன்பது விசிட். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் ஒழுங்காகச் செய்ய முடியும். அப்படியென்றால் மூன்று நான்கு நாள் களம், மீதி ஒன்றிரண்டு நாளில் குழந்தைகள் நலக் குழுவின் அமர்வு, காவல் நிலையம், பள்ளிக்கூடம், எழுத்து வேலை. இதற்கு மேல் ஒரு கேஸ் கொடுத்தாலும் எங்கோ ஒரு விசிட் காகிதத்தில் மட்டும் நடக்கும்.

இடத்தையும் கணக்கில் சேருங்கள். வியாசர்பாடியும் கண்ணகி நகரும் ஒரே நாளில் போட்டால் பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருவதால் அங்குள்ள பிள்ளைக்கு வேறு குழந்தைகள் நலக் குழு, வேறு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. புளியந்தோப்பிலிருந்தோ ஆற்றங்கரையிலிருந்தோ மறுகுடியமர்வில் அங்கே மாற்றப்பட்ட குடும்பத்தின் ஃபைல் இரண்டு மாவட்டத்துக்கு இடையில் சிக்கிக்கொள்வது சர்வசாதாரணம். அப்படிப்பட்ட கேஸுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி போடுங்கள்.

இடமும் ஒப்பந்தமும்

வாடகை வீட்டில் நடக்கும் அலுவலகத்தில் தனி அறை கிடைப்பது கஷ்டம்தான். இருந்தாலும் கதவு சாத்த முடிகிற ஓர் இடம் வேண்டும். ஸ்டோர் ரூம் ஆனாலும் பரவாயில்லை, ஃபேன் ஓடினால் போதும். டீக்கடையும் வேண்டாம், வண்டியில் போகிற வழியும் வேண்டாம். மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் பணியாளரிடம் போனில் "அந்த போக்சோ கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலைப் பக்கத்தில் நிற்பவரும் கேட்கிறார். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்யும் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு ஊடகங்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் போட்டோவும் பெயரும் போடும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

முதல் சந்திப்பில் ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம். ரத்தானால் எத்தனை நாளுக்குள் மறுபடி வைப்பது (ஐந்து வேலை நாள் என்று வையுங்கள்). என்ன எழுதி வைக்கப்படும், அதை யார் படிக்கலாம். அவசரத்தில் யாருக்கு எந்த நேரம் வரை போன் செய்யலாம். கருத்து வேறுபட்டால் யாரிடம் போகலாம். இவற்றோடு ரகசியத்தின் எல்லையையும் வெளிப்படையாக எழுதுங்கள். பணியாளர் சொல்லும் சொந்த விஷயம் அறையை விட்டு வெளியே போகாது. பிள்ளைக்கு ஆபத்து, பணியாளருக்கே ஆபத்து, நடத்தை விதி மீறல் ஆகிய மூன்று மட்டும் போகும், அதுவும் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் தன் தடுமாற்றத்தைச் சொல்லத் தயங்குவார், அடுத்த ரினியூவல் கண்ணில் நிற்கும். ஆண்டு மதிப்பீடு செய்பவரும் மேற்பார்வை செய்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது. சிறிய அமைப்பில் அது முடியாது. அப்போது, இந்த அறையில் சொன்ன சந்தேகமும் குழப்பமும் மதிப்பீட்டில் வராது, திருத்தச் சொன்ன பிறகும் திருத்தாதது மட்டுமே வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். சேர்த்ததைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை மீறினால் அதன் பிறகு அந்த அறையில் நல்ல செய்தி மட்டும்தான் கேட்கும்.

தொண்ணூறு நிமிடம் எப்படிப் போக வேண்டும்

முதல் பத்து நிமிடம் ஆள் வந்து சேர்வதற்கு. தண்ணீர், மின்விசிறி, "எப்படி இருக்கீங்க?" இதைத் தவிர்த்துவிட்டு நேரே ஃபைலைத் திறந்தால் மீதி நேரம் முழுக்க ரிவ்யூ மீட்டிங் போலவே போகும். அடுத்து ஐந்து நிமிடத்தில், போன முறை எடுத்த முடிவுகள் நடந்தனவா என்று பாருங்கள். பிறகு ஐம்பது நிமிடம் கேஸுக்கு. இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று குடும்பம். பதினைந்து நிமிடம் பணியாளருக்கே. கடைசிப் பத்து நிமிடம் முடிவுகளை எழுதிக் கையெழுத்திட.

எந்த இரண்டு குடும்பம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பணியாளர் ஒன்றைக் கொண்டு வரட்டும். அது பெரும்பாலும் சத்தம் போடும் கேஸாக இருக்கும்: அப்பா குடித்துவிட்டு அலுவலகத்துக்கே வந்தார், அம்மா போனை எடுக்கவில்லை. இரண்டாவதை மேற்பார்வையாளர் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், குறிப்பாக யாரும் பேசாத கேஸை. "எல்லாம் நல்லா போகுது" என்று மூன்று மாதமாக ஒரே வரி எழுதியிருக்கும் ஃபைல் இருக்கிறதே, அதை. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறையாவது இந்த மேஜைக்கு வந்திருக்க வேண்டும்.

ஃபைலை மேற்பார்வையாளர் முன்கூட்டியே கண்ணால் படித்திருக்க வேண்டும். 2000-இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி வீட்டுக்குள் சித்திரவதையால் இறந்தபோது, லார்டு லாமிங் தலைமையில் நடந்த பொது விசாரணை 2003-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஒன்று இதுதான்: மேற்பார்வையாளர் சீரான இடைவெளியில் கேஸ் ஃபைலைப் படித்து, பரிசீலித்து, கையெழுத்திட வேண்டும். வாய்மொழியாகக் கேட்பதை மட்டும் நம்பினால் பணியாளர் கவனிக்காததை மேற்பார்வையாளரும் கவனிக்க மாட்டார்.

கேஸ் பேசும்போது ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: நான் பார்த்தது, எனக்குச் சொல்லப்பட்டது, நான் நினைப்பது. "அம்மா பிள்ளையை நல்லா பார்த்துக்கிறாங்க" என்பது எந்தப் பத்தி? பெரும்பாலும் மூன்றாவது. முதல் பத்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "வீடு சுத்தமா இருந்துச்சு, அம்மா மரியாதையா பேசினாங்க" என்று வரும். அதில் பிள்ளையே இல்லை. கேட்க வேண்டியவை:

- பிள்ளையைக் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள்? தூங்கிக்கொண்டிருந்ததா, விழித்திருந்ததா?
- பெரியவர் யாரும் கேட்காத இடத்தில் தனியாகப் பேசினீர்களா? இல்லையென்றால் யார் தடுத்தது, எப்படி?
- இரவில் எங்கே படுக்கிறது, பக்கத்தில் யார் படுக்கிறார்?
- ரேஷன் கார்டில் இல்லாத யாராவது அந்த வீட்டில் தங்குகிறாரா?
- போன விசிட்டிலிருந்து மாறியது என்ன? எடை, பள்ளி வருகை, பேச்சு, காயம்?
- உங்கள் கருத்து தவறு என்று எது நிரூபிக்கும்? அதைத் தேடிப் பார்த்தீர்களா?

கடைசிக் கேள்வியைத்தான் கேட்பவர்கள் குறைவு. உழைத்து ஒரு குடும்பத்தை நிமிர்த்திய பணியாளருக்கு அது சரிகிறது என்பதை ஏற்பது கடினம். சின்னச் சின்ன அறிகுறியைத் தள்ளிவிடத் தோன்றும். கண்டிக்காமல் எதிர்ச் சான்றைத் தேட அனுப்புங்கள். அங்கன்வாடி ஊழியர், வகுப்பாசிரியர், கீழ் வீட்டுப் பாட்டி என்று மூன்று வேறு வாயிலிருந்து செய்தி வரட்டும்.

குடும்ப வரைபடம் போடாமல் கேஸ் பேசாதீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. எட்டுக்குப் பன்னிரண்டடி வீட்டில் எத்தனை பேர் என்பது படமாகப் பார்த்தால்தான் உறைக்கும். "மாமா" என்று சொல்லப்பட்டவர் தாய்மாமனா, பக்கத்து வீட்டுக்காரரா, அம்மாவோடு இப்போது வாழ்பவரா என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கை மேற்பார்வையாளர் கட்ட வேண்டும். "இப்படிப் பண்ணுங்க" என்று ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிட்டால் பணியாளர் தலையாட்டிவிட்டுப் போவார், செய்ய மாட்டார். என்ன நடந்தது, அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது, அதற்கு என்ன அர்த்தம், இனி என்ன என்று இந்த வரிசையில் கேட்டால் பாதிக் கேஸில் பதில் பணியாளரிடமே இருக்கும். சட்டக் காலக்கெடு மட்டும் விதிவிலக்கு, அதை நேராகச் சொல்லிவிடுங்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், பிள்ளை முதலில் முன்னிறுத்தப்பட்ட நான்கு மாதத்துக்குள் குழந்தைகள் நலக் குழு இறுதி உத்தரவு இடுவதற்கு அது அடிப்படை. மேற்பார்வைத் தாளின் மேல் மூலையில் ஒவ்வொரு கேஸுக்கும் அந்தப் பதினைந்தாம் நாள் தேதியை எழுதி வையுங்கள்.

பணியாளர் மனதில் இருப்பதும் கேஸ் தகவல்தான்

ஒரு வீட்டை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது, ஒரு அம்மாவிடம் மட்டும் பேசிப் பேசி இரண்டு மணி நேரம் போய்விடுகிறது, ஒரு பையனைப் பார்த்தால் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. இவற்றைப் பணியாளரின் பலவீனம் என்று ஒதுக்கினால் ஒரு முக்கியமான தடயத்தை இழக்கிறீர்கள். பணியாளர் பயப்படும் வீட்டில் பிள்ளை என்ன பாடுபடும்? அந்த அம்மாவோடு பேசும் இரண்டு மணி நேரத்தில் பிள்ளையோடு பேசியது எத்தனை நிமிடம்? உணர்ச்சியைக் கேட்டு, அதை ஒரு கேள்வியாக மாற்றி, அடுத்த விசிட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

சாதியையும் பகுதியையும் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். "அந்த ஏரியா ஆளுங்க அப்படித்தான்" என்ற வாக்கியம் அறிக்கையில் நேரடியாக வராது. "குடும்பச் சூழல் உகந்ததாக இல்லை" என்ற பொதுவான வரியாக வரும், பிள்ளை இல்லத்துக்குப் போய்விடும். வறுமையையும் புறக்கணிப்பையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அரிசி இல்லாத வீடு நிதி ஆதரவுக்குத் தகுதியானதாக இருக்கலாம். அரிசி இருந்தும் பிள்ளைக்குப் போடாத வீடு வேறு. அதே குடியிருப்பில் வளர்ந்து, அங்கேயே வசித்துக்கொண்டு வேலை பார்க்கும் பணியாளருக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது: உறவுக்காரர் வீடு, ஊர்த்தலைவர் அழுத்தம், புகார் கொடுத்த மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் அதே ஆளைப் பார்க்க வேண்டிய நிலை. அவருக்குத் தன் பிளாக்கில் உள்ள கேஸைக் கொடுக்கக் கூடாது. கொடுத்துதான் ஆக வேண்டும் என்றால் புகாரில் அமைப்பின் பெயர் மட்டும் வருமாறு மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேற்பார்வையாளர் அதட்டினால் பணியாளர் அம்மாவை அதட்டுகிறார், அம்மா பிள்ளையை அடிக்கிறார். பணியாளர் ஒருவர் திடீரென்று எதையும் முடிவெடுக்க முடியாமல் குழம்பி உட்கார்ந்திருந்தால், அவர் கையாளும் குடும்பமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் ஆமாம்.

சோர்வு ஒரு வகை, பிறர் துன்பத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் மனமே காயப்படுவது இன்னொரு வகை. முதலாவது மெதுவாக வரும். ரிப்போர்ட் தாமதம், கிண்டல், "எதுவும் மாறப்போறதில்ல" என்ற பேச்சு. விடுப்பும் சுமைக் குறைப்பும் அதற்கு உதவும். இரண்டாவது ஒரே கேஸில் கூட வரலாம். கேட்ட காட்சி கனவில் வருவது, தன் பிள்ளையை யாரிடமும் விட முடியாமல் போவது, அந்தத் தெருவையே தவிர்ப்பது. இதற்கு விடுப்பு மட்டும் போதாது. புரோகியூஓஎல் (ProQOL) என்ற 30 கேள்விப் படிவம் இந்த இரண்டையும் வேலையில் கிடைக்கும் நிறைவையும் தனித்தனியாக அளக்கும், கடந்த 30 நாளை வைத்துக் கேட்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளரே நிரப்பி, அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த மதிப்பெண்ணை எச்.ஆர். ஃபைலில் சேர்த்தீர்கள் என்றால் அடுத்த முறை எல்லாரும் ஆனந்தமாக இருப்பதாகத்தான் நிரப்புவார்கள்.

மேற்பார்வையாளர் கவுன்சிலர் ஆகிவிடக் கூடாது. பணியாளரின் திருமண வாழ்க்கையை இந்த அறையில் சரிசெய்ய முடியாது. வேலையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்டு, வெளியில் உதவிக்கு வழிகாட்டுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவும் இருக்கிறது. சம்பளம் இரண்டு மாதம் தாமதமாகும் அமைப்பில் "சுய பராமரிப்பு" பயிலரங்கம் நடத்துவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் வேலை. முதலில் சம்பளத்தைப் போடுங்கள், பஸ் காசை வாரம்தோறும் கொடுங்கள்.

மேற்பார்வை நாள் வரை காத்திருக்கக் கூடாதவை

பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று ஐயம் எழுந்தாலோ, போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுப்பது ஒவ்வொருவரின் கடமை. பணியாளருக்கு மேற்பார்வையாளரின் அனுமதி தேவையில்லை. மேற்பார்வையாளர் "பொறுங்க, மேனேஜ்மென்ட்ல கேட்கிறேன்" என்று நிறுத்தவும் முடியாது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காகப் பணியாளர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் கடிகாரம் வெள்ளிக்கிழமை மாலையிலும் ஓடும். ஆகவே இரவிலும் விடுமுறையிலும் யார் போன் எடுப்பது என்ற பட்டியல், மூன்று பெயர் வரிசையாக, ஒவ்வொருவர் போனிலும் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-உம் அதன் கீழேயே இருக்கட்டும்.

வீட்டுக்குப் போகும் முன் பணியாளர் எழுத வேண்டியது: முகவரி, போகும் நேரம், திரும்பும் நேரம். திரும்பும் நேரம் கடந்து அரை மணியில் போன் வராவிட்டால் அலுவலகம் கூப்பிட வேண்டும், இரண்டு முறை எடுக்கவில்லையென்றால் ஆள் கிளம்ப வேண்டும். சங்கேதமாக ஒரு சாதாரண வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, அந்தப் பச்சை ஃபைலை எடுத்து வைங்க" என்றால் உதவி தேவை என்று பொருள். பிள்ளையை எடுத்துவரும் நாள், முன்பு மிரட்டல் வந்த வீடு, இருட்டிய பிறகு போவது ஆகிய மூன்றுக்கும் இருவராகத்தான் போக வேண்டும். எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாத நாளில் தனியாக ஏழாவது மாடியில் மாட்டிக்கொள்வதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

மோசமான சம்பவத்துக்குப் பிறகு

கேஸில் இருந்த பிள்ளை இறந்தது, பணியாளர் தாக்கப்பட்டார், பிள்ளை காணாமல் போனது. அன்றே மேற்பார்வையாளர் நேரில் போக வேண்டும், போன் போதாது. வீட்டுக்கு யார் கூட்டிப்போவது, சாப்பிட்டாரா, இரவு தனியாக இருப்பாரா என்பதைப் பாருங்கள். நடந்ததை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து விவரிக்கும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை, உளவியல் முதலுதவியைத்தான் பரிந்துரைக்கிறது. பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் கூட இருங்கள்.

அமைப்பின் விளக்க விசாரணையையும் ஆறுதலையும் ஒருவரே ஒரே நாளில் செய்யக் கூடாது. "என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்கும் வாயே "கவலைப்படாதே" என்றும் சொன்னால் இரண்டும் எடுபடாது. ஃபைலை அன்றே பூட்டி வையுங்கள். பின்னால் யாரும் தேதி சேர்க்க முடியாதபடி அது பணியாளரையும் காக்கும். முதல் வாரம் ஆபத்தான கேஸ்களை வேறு ஒருவரிடம் மாற்றுங்கள், ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள். அது தண்டனை போலத் தெரியும். நான்கு வாரத்துக்கு வாரம் ஒருமுறை தூக்கம், சாப்பாடு, அந்த இடத்துக்குப் போக முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் கடந்தும் கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது கட்டாயம், செலவு அமைப்பினுடையது. பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சம்மன் வரும்போது எல்லாம் மறுபடி கிளம்பும். அந்த வாரம் கூடுதலாக ஒரு மேற்பார்வை, சாட்சி நாளில் கூட ஓர் ஆள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாகத் திட்டமிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்தது கேஸ் குடும்பங்களின் வீட்டில் மட்டுமல்ல, பணியாளர் வீட்டிலும்தான். முதல் நாள் பணியாளர் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டாவதாகத்தான் கேஸ் பட்டியலைத் திறக்க வேண்டும். ஆபத்தான குடும்பங்களின் மாற்று போன் எண்ணைச் செப்டம்பரிலேயே வாங்கி வையுங்கள்.

எழுதி வைப்பது

இரண்டு பதிவு. கேஸ் பற்றி எடுத்த முடிவு, காரணம், யார், எந்தத் தேதிக்குள் என்பவை கேஸ் ஃபைலுக்குப் போகும். பணியாளரின் மனநிலை, கற்றல் தேவை, சுமை ஆகியவை தனிக் குறிப்பில், பூட்டிய அலமாரியில், ஒரு நகல் அவரிடம். இரண்டையும் கலந்துவிட்டால் நாளைக்குக் குழுவோ நீதிமன்றமோ ஃபைலைக் கேட்கும்போது பணியாளரின் கண்ணீரும் அதில் சேர்ந்து போகும். "தொடர்ந்து கண்காணிக்கவும்" என்ற வரியை முடிவாக ஏற்காதீர்கள். "12-ஆம் தேதிக்குள் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் வருகைப் பதிவு பார்க்கவும்" என்பதுதான் முடிவு. பணியாளர் ஒப்புக்கொள்ளாத முடிவு என்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

மேற்பார்வையாளருக்கும் மாதம் ஒருமுறை மேற்பார்வை வேண்டும், முடிந்தால் வெளியாளிடம். சென்னையில் எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி என்று சமூகப் பணித் துறைகள் உள்ளன. களப்பயிற்சிக்கு மாணவர்களை ஏற்கும் அமைப்பு, பதிலுக்கு ஆசிரியர் ஒருவரின் மாதம் இரண்டு மணி நேரத்தைக் கேட்கலாம். பிள்ளையின் பெயரும் முகவரியும் சொல்லாமல் பேசுவது நிபந்தனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சம்வாத் பிரிவு குழந்தைப் பாதுகாப்புப் பணியாளருக்கென்றே பயிற்சி நடத்துகிறது, அதையும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கலாம்.

வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசி மேற்பார்வை நேரம் இரண்டு தேவை. முதலாவதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரைப் பக்க ஒப்படைப்பு: பாக்கி வேலை, அடுத்த தேதி, எழுத்தில் வராத சந்தேகம், வீட்டில் யார் கதவு திறப்பார். புதியவரோடு சேர்ந்து ஆபத்தான குடும்பங்களுக்கு ஒரு விசிட் முடித்த பிறகு இரண்டாவது. பிள்ளையிடம் "இனிமே இந்த அக்கா வருவாங்க" என்று போகிறவரே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டார் என்பதற்கு ஒப்படைப்புத் தாளில் ஒரு கட்டமும் தேதியும் வையுங்கள். அந்தக் கட்டம் நிரம்பாமல் ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள்.